மாத்திரையை நிறுத்தச் சொன்ன வாரம்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு என் கணவர் மறுபடியும் பாடம் படிக்க ஆரம்பித்தார். அவர் டாக்டர். எங்கள் தீவு ஊரான மாயாபந்தரில், பஜாரிலிருந்து ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, இறங்கும் சாலையில் அவருடைய கிளினிக் இருக்கிறது. அரசாங்க வேலையில் தீவு தீவாகச் சுற்றி ஓய்வு பெற்றதும், "மெயின்லேண்டுக்குப் போய் என்ன பண்ணப் போறோம்" என்று இங்கேயே போர்டை மாட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இப்போது கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன், ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறேன். அதற்காக எனக்குக் கிடைத்த பட்டம் 'டாக்டரம்மா'.

முன்பெல்லாம் அவருக்கு மருத்துவப் பத்திரிகைகள் கப்பலில் வரும். மழைக்காலத்தில் நான்கு மாத இதழ்கள் ஒரே கட்டாக, ஈரம் குடித்து வீங்கி வந்து சேரும். கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு இண்டர்நெட் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்ததும், மெயின்லேண்டில் பெரிய டாக்டர்கள் நடத்தும் வகுப்புகளில் சேர்ந்தார். சாப்பாட்டு மேஜையில் போனை ஊறுகாய் பாட்டில்மேல் சாய்த்து வைத்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வகுப்பு முடிந்ததும் போனிலேயே கேள்விகள் வரும். அந்த நேரம் நான் மிக்ஸியைப் போடக்கூடாது.

ஒருநாள் பத்துக்கு ஆறுதான் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"போன் தப்புன்னு சொல்லுது" என்றார்.

"எது தப்பாம்?"

"மாரடைப்பே வராத, நல்லா இருக்கிற அறுபது வயசுக்காரருக்குத் தினமும் ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமான்னு கேட்டாங்க. ஆரம்பிக்கலாம்னு போட்டேன். நாங்க அப்படித்தான் படிச்சோம். அப்படித்தான் எல்லாருக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்."

அன்றைக்குப் போனோடு சண்டை போட்டுவிட்டுத் தூங்கப் போனார். அடுத்த ஒரு வாரம் கிளினிக் நேரம் போக மீதி நேரமெல்லாம் படிப்புத்தான். கொல்கத்தாவில் இருக்கும் பழைய வகுப்புத் தோழரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் தோசைக்குக் காத்திருந்தபோது தானாகவே சொன்னார்.

"அவங்க சொல்றதுதான் சரி. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவங்களுக்கு, ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அந்த மாத்திரை ரொம்ப அவசியம். எதுவுமே வராதவங்களுக்கு, வயசான காலத்துல, அதனால வர்ற நன்மையைவிட வயித்துல ரத்தக் கசிவு வர்ற அபாயம் அதிகம்னு பார்த்திருக்காங்க. நிறைய பேரை வருஷக்கணக்கா கவனிச்சுச் சொல்றாங்க."

"அப்போ நீங்க எழுதிக் குடுத்தவங்க?"

"கூப்பிட்டுத்தான் சொல்லணும். ஒவ்வொருத்தரையும் உட்கார வச்சுப் பேசணும்."

ஒரு டாக்டர், தானே எழுதிக்கொடுத்த மாத்திரையை வேண்டாமென்று சொல்லக் கிளம்பினால் ஊர் என்ன நினைக்கும் என்று அப்போது இருவருமே யோசிக்கவில்லை. பஜாரில் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து மாத்திரை வரவில்லை, அதனால்தான் டாக்டர் சமாளிக்கிறார் என்றார்கள் சிலர். டாக்டருக்கு வயதாகிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். ஒரு பெங்காலி மாமி என்னிடம் தனியாக வந்து, "தாதா தூங்குறாரா ஒழுங்கா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார். அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.

இவர்கள் எல்லாரையும்விடக் கஷ்டமாக இருந்தவர் மளிகைக்கடை அண்ணாச்சிதான். திருநெல்வேலிக்காரர். இதயக் கோளாறு எதுவும் வந்ததில்லை. ஆனாலும் பல வருடங்களாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாத்திரையை, சாமி கும்பிடுவதுபோல், தவறாமல் போட்டுக்கொள்கிறவர். கிளினிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை வருஷம் தப்பாவா குடுத்திய?"

"அன்னைக்குத் தெரிஞ்சதுல அதுதான் சரி, அண்ணாச்சி. இப்போ கூடுதலா தெரிஞ்சிருக்கு."

"நாளைக்கு மறுபடியும் மாத்துவியளோ?"

"மாறலாம். மாறினா வந்து சொல்லுவேன்."

"வெங்காய வெல மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி. "நான் நல்லாத்தான இருக்கேன். எதுக்கு நிறுத்தணும்?"

"ஷேவ் பண்ணும்போது வெட்டினா ரத்தம் சீக்கிரம் நிக்குதா?"

அண்ணாச்சியின் கை முகத்துக்குப் போனது. தாடையில் ஒரு துண்டு பஞ்சு ஒட்டியிருந்தது. வயிற்றெரிச்சல் உண்டா என்று கேட்டதற்கு, "அது மிளகாயால" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். யோசிக்கப் போவதில்லை என்பது அவர் செருப்பு மாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் பக்கத்துத் தீவான லாங் ஐலண்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி முழங்கால் வலிக்காக வந்தார். பேச்சுவாக்கில், "எங்க பக்கத்து வீட்டு சராங்கும் நிறுத்திட்டாரு சார்" என்றார்.

சராங் என்றால் படகை ஓட்டும் தலைவர். இவர் சொன்னவர் அரசாங்கப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர். சில வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, சென்னைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர். என் கணவர் லாங் ஐலண்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம்.

"எதை நிறுத்திட்டாரு?" என்றார் என் கணவர்.

"அதான் சார், ஆஸ்பிரின். அது வேண்டாம்னு மாயாபந்தர் டாக்டரே சொல்லிட்டாராம்னு படகுல வந்தவங்க பேசிக்கிட்டாங்க. உடனே நிறுத்திட்டாரு. உங்க மேல அவ்வளவு மரியாதை."

என் கணவர் ஸ்டெதாஸ்கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். சராங்கின் போன் அணைந்து கிடந்தது. அந்தப் பெண்மணியின் வீட்டுக்கும் அடித்துப் பார்த்தோம், லைன் போகவில்லை. வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து முடித்ததும் என்னிடம் வந்து, "நாளைக்கு டோக்கன் குடுக்காதே. முதல் பஸ்ஸுக்குக் கிளம்புறேன்" என்றார்.

"நானும் வரேன்" என்றேன். லாங் ஐலண்டைப் பார்த்து நாளாகிவிட்டது என்று காரணம் சொன்னேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்த்துத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ரங்கத் வரை பஸ். அங்கிருந்து ஜெட்டிக்குப் போய்ப் படகு. அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடையில் படகு மெதுவாக வளைந்து போகும்போது நான் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். அவர் சாப்பிடவில்லை. "யாரு நிறுத்தணும்னு மட்டும் சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். யாரு நிறுத்தவே கூடாதுன்னு அதே சத்தத்துல சொல்லியிருக்கணும்" என்றார். படகு ஓடையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டார்.

சராங் தன் வீட்டு வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டுச் சிரித்தார். தீவில் எல்லாரும் பேசுகிற ஹிந்திதான் எங்களுக்குள்.

"டாக்டர் சாப், சொல்லியனுப்பியிருந்தா மீன் வாங்கி வச்சிருப்பேனே."

"மாத்திரையை என்ன பண்ணினீங்க?"

"பந்த் கர் தியா" என்றார். நிறுத்திவிட்டேன் என்பதைப் பெருமையாகத்தான் சொன்னார். "நீங்கதான சொன்னீங்க."

"உங்களுக்குச் சொல்லலை, சராங். நெஞ்சுல ஒண்ணுமே வராதவங்களுக்குச் சொன்னேன். உங்களுக்குள்ள ஸ்டென்ட் இருக்கு. அதுல ரத்தம் கட்டாம அந்த மாத்திரைதான் பார்த்துக்குது."

சராங் கையிலிருந்த பாக்கைக் கீழே வைத்தார். "அது கெட்ட மாத்திரை ஆயிடுச்சுன்னாங்க" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். "நான் அப்பவே கேட்டேன், இவரு காதுல விழலை" என்று என்னிடம் சொன்னார்.

சராங் எங்கள் முன்னாலேயே விழுங்கினார். என் கணவர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார், மூச்சு வாங்குகிறதா, நடந்தால் நெஞ்சு இறுக்குகிறதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எதுவுமில்லை. மறுநாள் ரங்கத் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார், "என்ன மீன் கிடைக்கும் இப்போ?"

திரும்பும் படகுக்கு நேரமிருந்தது. டாக்டர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவி, ஜெட்டி மரத்தடியில் ஆட்கள் கேரி பேக்கில் மாத்திரை அட்டைகளோடு வந்து நின்றார்கள். டோக்கன் இல்லாமலேயே நான் வரிசை போட்டேன். ஒரு பெண் எதற்கும் கேட்டு வைப்போம் என்று கேட்டாள்: "பாம்பு கடிச்சா மேல கயிறு கட்டுறது? அதுவாவது அப்படியேதான இருக்கு?"

"கட்டக்கூடாது. அசையாம வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும்."

"அய்யோ, அதுவும் மாறிப்போச்சா?"

"அது மாறி ரொம்ப நாளாச்சும்மா. உங்களுக்கு யாரும் வந்து சொல்லலை" என்றார்.

சராங்கின் ஈ.சி.ஜி.யில் புதிதாக ஒன்றுமில்லை என்று மறுநாள் ரங்கத்திலிருந்து போன் வந்தது. என் கணவர் அன்றைக்கு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். கிளினிக் சுவரில் தமிழிலும் ஹிந்தியிலும் பெங்காலியிலும் எழுதி ஒட்டினோம்: யாரும் தாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், நேரில் வந்து கேளுங்கள். பெங்காலியை எழுதித் தந்தது, தூக்கத்தைப் பற்றி விசாரித்த அதே மாமிதான்.

அண்ணாச்சி இரண்டு நாள் கழித்து வந்தார். லாங் ஐலண்ட் கதை அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஒரு ஆளு மாத்திர சாப்பிடணும்னு கடலத் தாண்டிப் போனியளாமே."

"ஆமா."

"அப்போ எனக்கு வேண்டாம்னு சொன்னதுலயும் வெசயம் இருக்கும்லா" என்றார். அட்டையை மேஜைமேல் வைத்தார். என் கணவர் அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, நிதானமாகப் பேசி அனுப்பினார். வயிற்றெரிச்சல் பிற்பாடு குறைந்தது. மிளகாயைக் குறைத்ததால்தான் என்று அண்ணாச்சி இன்றும் சொல்கிறார்.

ஊரில் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் பழைய சீட்டை நீட்டி, "இது இன்னும் சரிதானா சார்?" என்று கேட்கிறார்கள். கேட்பது என் கணவருக்குப் பிடித்திருக்கிறது. பல நேரம் உடனே பதில் சொல்லிவிடுவார். சில நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்பார். ஒரு டாக்டர் இப்படிச் சொன்னால் மாயாபந்தரில் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நான் பயந்தேன். மறுநாள் முதல் டோக்கனுக்கு அவர்கள்தான் வந்து நிற்கிறார்கள்.