எக்ஸ்ரே கிளாடிஸ் ஓட்டிய பந்தயக் கார்

அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது கிளாடிஸின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பந்தயக் கார்களைப் படம் எடுப்பார். பளபளக்கும் பெயின்ட், பக்கத்தில் மீசை முறுக்கி நிற்கும் முதலாளி, எதுவும் அவர் படத்தில் இருக்காது. காரின் தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

"மனுஷங்களையே வாரம் பூரா அப்படித்தான் பாக்குறேன், காரை மட்டும் விட்ருவேனா?" என்பார்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, பெசன்ட் நகர் மாதா கோவிலில் பூசை முடிந்ததும், கணவர் டெரிக்கை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு தேனாம்பேட்டைக்கு வந்தார். ஓர் ஓட்டல் மைதானத்தில் பழைய கார் கண்காட்சி. ஓரத்தில் நீல நிறத்தில் ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். கிளாடிஸ் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கேமராவோடு மல்லாந்து அதன் அடியில் புகுந்தார்.

"யாரது? வண்டிக்கு அடியில இன்னா பண்றீங்க?" என்று ஓடிவந்தார் காரின் சொந்தக்காரர் அப்துல் வஹீத். தோல் வியாபாரி, கனத்த உடம்பு.

"பெடல்ல கூட ஓட்டை போட்டு எடையைக் குறைச்சிருக்காங்க சார்! இதை யோசிச்ச ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கலாம்!"

வஹீத் சிரித்துவிட்டார். "எல்லாரும் விலை இன்னான்னுதான் கேப்பாங்க. நீங்கதான் ஓட்டையைப் பாக்குறீங்க." என்ஜின் மூடியையும் கழற்றிக் காட்டினார். புகைக்குழாய்கள் நான்கும் நான்கு விதமாக வளைந்திருந்தன. புகை சீராக வெளியேற, நீளம் மட்டும் ஒன்றே. கிளாடிஸ் ஒவ்வொன்றையும் நெருங்கிப் படம் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, பரிசுக்குக் கார்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் காரைத் தங்கள் மேஜைக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார்கள். கார் கிளம்பவில்லை. தள்ளித்தான் ஆகவேண்டும். வஹீத், அவர் மகன் ஃபைசான், டெரிக் மூவரும் பின்னால் போனார்கள்.

"தள்ள ஆள் கீது. உக்காரத்தான் வெயிட் இல்லாத ஆள் வேணும்" என்றார் வஹீத். மூவரும் கிளாடிஸைப் பார்த்தார்கள்.

"கிளட்ச்ச மிதிச்சுக்கோங்க மேடம். சொல்றப்போ விடுங்க" என்றார் வஹீத்.

விட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கி உறுமியது. தள்ளியவர்கள் பின்தங்க, நடுவர்களின் மேஜையைத் தாண்டிப் பறந்தது.

"கிளாடி, பிரேக்கு! பிரேக்கு!" டெரிக் கத்திக்கொண்டே ஓடினார்.

இளநீர்க் கடைக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. கூட்டம் கைதட்டியது. கிளாடிஸ் ஸ்டீயரிங்கை விடாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்; கண்ணில் நீர் வழிந்தது.

பரிசு வேறு காருக்குப் போனது. ஆனால் புதன்கிழமை வஹீத் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை காலைல என்ஜினை முழுசா பிரிக்கிறோம். திருவான்மியூர் ஷெட்டுக்கு வர்றீங்களா?"

அந்த வாரம் கிளாடிஸ் ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டார்.