பட்டாளத்துத் தாத்தாவும் சித்தப்பாவின் மாடுகளும்

கெடார் சாலையோரம் நிற்கிறேன். தாத்தா பர்மா சண்டைக்குப் போனதற்கு ஆதாரம் கேட்டு விழுப்புரம், திண்டிவனம் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியாயிற்று. காகிதம் காணாமல் போனதால் தாத்தா போகவே இல்லை என்கிறார்கள்.

சித்தப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்ட கொல்லையிலிருந்து மாடுகளை ஓட்டி வருகிறார். எதிரே லாரி.

“ஹால்ட்!” என்று அதட்டுகிறார். இரண்டு மாடும் விறைப்பாக நிற்கின்றன.

“யார் சித்தப்பா பழக்கினது?”

“பட்டாளத்துலேர்ந்து வந்து எங்கப்பா மாட்டுக்கு இதையே சொல்லிக்கினு இருந்தாரு. நானும் அதே மாதிரி பழக்கிட்டேன்.”

“இதைவிட வேற ஆதாரம் வேணுமா?” என்கிறேன்.

சித்தப்பா கயிற்றை என் கையில் திணிக்கிறார். “அப்போ ஒரிஜினலை ஆபீசுக்கு ஓட்டிக்கினு போ. ஜெராக்ஸ் கேட்டா என்னா பண்ணுவே?”