ஜன்னலில் தொங்கிய சிவப்பு ரிப்பன்

பிடுங்குவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஸ்நாட்ச், கிராப், சீஸ். பிரிக்ஃபீல்ட்ஸ் பெண்கள் பள்ளியில் எங்கள் டீச்சர் அந்த வாரம் முழுக்க அவற்றை நடித்தே காட்டினார். பருந்தாகப் பாய்ந்து ஒருத்தியின் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனார், அது ஸ்நாட்ச். போலீஸ்காரராகி இன்னொருத்தியின் தோளை அமுக்கினார், அது சீஸ். வேறு உதாரணம் யார் சொல்வீர்கள் என்று கேட்டபோது என் கை தானாக மேலே போனது.

அப்பாவுக்கு ரயிலில் வேலை. கிள்ளான் பாதையில், வேக வண்டி நிற்காமல் போகும் ஒரு சின்ன ஸ்டேஷனில், பாதை காலி என்பதற்கு அடையாளமான பெரிய வளையம் ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து, கரி அள்ளிப் போடும் பயர்மேன் குனிந்து, வளையத்துக்குள் கையை விட்டு, வெடுக்கென்று பறித்துக்கொண்டு போவார். அது கையில் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. இருப்பது ஒற்றைப் பாதை, எதிரே இன்னொன்று வந்துவிட்டால்? இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி, "ஸ்நாட்ச், டீச்சர்!" என்று முடித்தேன். டீச்சர் கைதட்டினார். சனிக்கிழமை கடல் பார்க்க அந்த வழியாகத்தானே போகிறோம், எல்லாரும் பார்ப்போம் என்றார்.

அந்த வாரம் வீட்டில் நான்தான் டீச்சர். அப்பாவின் வாயில் அந்தச் சொல் 'சினாச்சு' ஆனது. எத்தனை தடவை திருத்தினாலும் சினாச்சுதான்.

"மூணாவது பெட்டியில ஒக்காருவேன். ரிப்பன ஆட்டிக் காட்டுவேன். என்னயப் பாக்கணும்ப்பா."

"வளையத்தப் பாக்கவா, ஒன்னயப் பாக்கவா?"

"என்னயத்தான்!"

"சரி புள்ள, சரி."

சனிக்கிழமை எங்கள் வகுப்பே ஜன்னல்களில் காய்த்துத் தொங்கியது. ஸ்டேஷனை ஒட்டிப் பாதை வளையும். அதனால் தூரத்திலேயே பிளாட்பாரம் தெரிந்தது. அதன் ஓரத்தில் அப்பா. வெளுத்த கோட்டு, புதுத் தலைப்பாகை, தூக்கிய கையில் வளையம். நான் தலை ரிப்பனை அவிழ்த்து வெளியே நீட்டினேன். காற்று அதைப் படபடவென்று அடித்தது, சிவப்பாய், நெருப்பாய். அப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியது.

எங்கள் பெட்டி வருவதற்கு முன்பே எஞ்சின் அவரைத் தாண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வளையம் அசைந்தது. பயர்மேனின் கை வெறும் காற்றை அள்ளியது. பிரேக் கிறீச்சிட, ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். வண்டி நின்றதும் டிரைவர் எட்டிப் பார்த்து மலாயில் கத்தினார்.

"போடோ! மாத்தா தாடாகா?"

முட்டாளே, கண் இல்லையா என்ற அந்தக் கேள்வி எல்லாப் பெட்டிகளுக்கும் கேட்டது. கீழே விழுந்த வளையத்தைப் பொறுக்கிக்கொண்டு அப்பா எஞ்சினை நோக்கி ஓடி வந்தார். தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது.

"ஸ்நாட்ச் எங்கடி?" என்றாள் தபால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகள். "டீச்சர், இதுக்கு என்ன வெர்ப்? டிராப்பா?"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறவள்போலக் குனிந்தேன். ரிப்பனின் நுனி இன்னும் ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தேன்.

நுனி முழுக்க உள்ளே வருமுன்பே, ஓடி வந்த காலடி எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்ததும் மெதுவானது. நின்றது. அங்கே ஒருவன் திட்டிக்கொண்டிருக்கிறான், இந்த மனிதர் ஏன் இங்கே நிற்கிறார், ஓடித் தொலையக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். பிறகு ஓடினார்.

வளையம் பிடிக்கும் வேலை அதோடு போயிற்று. பாதையோரம் புல் வெட்டப் போட்டார்கள். விசாரித்த துரையிடமும், அழுத அம்மாவிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "கை நழுவிருச்சி."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், உப்புக் காற்றோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். என் தலையைப் பார்த்தார்.

"ரிப்பன் எங்க புள்ள?"

"காத்துல போயிருச்சிப்பா."

"அடடே. காத்து சினாச்சுப் பண்ணிருச்சா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பைக்குள் ரிப்பனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை, நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.