என் இருபத்தொன்றாம் பிறந்தநாள் விழாவை மைக் பிடித்து நடத்திய எம்.சி. நானே.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் ஆட்களிடையே பிள்ளைக்கு இருபத்தொரு வயதானால் ஹால் எடுத்து விழா வைப்பார்கள். கல்யாணத்துக்கு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை மட்டும்தான் குறை. அடுக்குக் கேக், பலூன் வளைவு, பிரியாணி, ஆட்டம் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாவி. பலகையில் வெட்டித் தங்கநிறத் தாள் ஒட்டிய, இடுப்பளவு உயரச் சாவி. பெற்றோர் அதை மேடையில் வைத்துப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். இனி நீ பெரியவள், உன் வாழ்க்கை உன் கையில் என்று அர்த்தமாம். எந்த வீட்டிலும் மறுநாள் அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாவி அலமாரிக்கு மேலே போய்விடும். பிள்ளை பழையபடி எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

என் விழாவுக்கு அம்மா ஒரு வருடமாகத் தயாரானாள். அதற்குக் காரணம் நான் இல்லை, ஒரு பெயர்ப்பலகை.

அம்மாவுக்குக் கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிச் சீருடையில் திரிந்த பிள்ளைகள் பிறகு கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, அந்த ஃபைல் எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாசலில் லாயர்களின் பெயர்களைப் பித்தளை எழுத்தில் பதித்த பலகை ஒன்று மாட்டியிருக்கும். கடைசிப் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அந்த இடம் எனக்குத்தான் என்று அம்மா முடிவு செய்தபோது நான் ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

தகுதி என்னவென்றால், நான் வாயாடி. மற்ற வீடுகளில் எதிர்த்துப் பேசினால் அடி விழும். எங்கள் வீட்டிலும் விழும். ஆனால் அடித்த கையோடு அம்மா பக்கத்து வீட்டு ஆன்டியிடம் போய், "எப்படிப் பாயிண்ட் பாயிண்டா பேசுறா பாத்தீங்களா?" என்று பெருமைப்பட்டுக்கொள்வாள். எனக்குக் கன்னம் எரியும்.

சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்த்துவிட்டார்கள். முதலாண்டு ஒழுங்காகப் போனேன். ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே கண் சொக்கும். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் காலை, கிள்ளானில் நான் ஏறிய கமியூட்டர் ரயில் சுபாங் ஜெயாவில் நின்றது. கதவு திறந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. பெரிய மனப்போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது, விட மனமில்லை.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்தேன். அங்கே என் தோழியின் அக்கா, கல்யாணம், பிறந்தநாள் என்று விழாக்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பலூன் ஊதப் போனேன். ஒரு விழாவில் எம்.சி.க்குத் தொண்டை கட்டிக்கொள்ள, மைக் என் கைக்கு வந்தது. என் குரல் ஹாலின் கடைசி மேசைவரை போய் அங்கிருந்த கிழவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எந்தப் புத்தகமும் எந்தப் பையனும் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. அதன் பிறகு ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது நான் ஜன்னல் பக்கம்கூடத் திரும்புவதில்லை. சனி, ஞாயிறு விழாக்களுக்கு 'குரூப் ஸ்டடி' என்று பெயர் வைத்தேன்.

பிறந்தநாள் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன். அதற்கு முன்னால் வாய் திறக்க முடியாது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, கேக்கின் நிறத்துக்குப் பொருத்தமாக லெஹங்கா வாங்கி வைத்திருந்தாள். சொன்னால் அதன் துப்பட்டாவாலேயே என் கழுத்தை நெரித்திருப்பாள்.

விழாவன்று மதியம் எனக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா தன் திட்டத்தைச் சொன்னாள்.

"இன்னிக்கு பாஸ் வர்றாரு. எம்.சி. உன்ன லாயருக்குப் படிக்கிறான்னு சொல்வான். ஒடனே பாஸ் மேடைக்கு வந்து, படிப்பு முடிஞ்சதும் நம்ம ஆபீஸ்லயே சேம்பரிங் பண்ணட்டும்னு சொல்வாரு. பேசி வெச்சிருக்கேன்."

சேம்பரிங் என்பது லாயராவதற்கு முன் ஓர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய பயிற்சி. அதற்கு இடம் கேட்டுப் பிள்ளைகள் படியேறி வருவதை ஆண்டுதோறும் பார்த்தவள் அம்மா.

"அத ஆபீஸ்லயே சொல்லலாமேம்மா, மேடை எதுக்கு?"

"ஆபீஸ்ல சொன்னா நாளைக்கு மறந்துருவாரு. ஊரே பாக்க சொன்னா எப்படி மாறுவாரு?"

சாட்சிகளோடு ஒப்பந்தம் போடுகிறாள் பாருங்கள். எங்கள் வீட்டில் லாயருக்குப் படித்திருக்க வேண்டியவள் அவள்தான். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்த பெண், "சிரிக்காதீங்க, கோணலாப் போவுது" என்றாள். நான் சிரிக்கவே இல்லை.

மாலையில் ஹால் நிரம்பிவிட்டது. நிரம்பியது என்றால் பெண்களும் பிள்ளைகளும். ஆண்கள் வழக்கம்போலக் கார்ப்பார்க்கில், திறந்த கார் பூட்டுகளை, அதாவது டிக்கிகளைச் சுற்றி நின்று கிளாஸைக் கையில் வைத்திருந்தார்கள். அப்பாவும் அங்கேதான். பாஸ் மட்டும் முன்மேசையில் தனியாக உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது எம்.சி. அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, ஷா ஆலம்கிட்ட லோரி ஒண்ணு கவுந்துருச்சி. ஹைவே ஒரே ஜாம். வண்டி நவுர மாட்டேங்குதுலா."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எம்.சி. இல்லாத விழாவை எங்கள் ஆட்களுக்கு நடத்தத் தெரியாது. யாராவது சொன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், யாராவது சொன்னால்தான் கைதட்டுவோம். மாமாக்களைக் கேட்டாள். மைக்கைக் கண்டதும் அவர்கள் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்கினார்கள்.

"குடும்மா, நான் பேசுறேன்" என்றேன்.

"பொறந்தநாள் புள்ளயே எம்.சி. பண்ணுவாளா? ஊர் சிரிக்கும்டி."

"சிரிக்கத்தானே வந்திருக்காங்க."

மைக்கை வாங்கினேன். "கார்ப்பார்க்கில் நிற்கும் அங்கிள்மார்களின் கவனத்துக்கு. கேக் வெட்டும்போது உள்ளே இல்லாதவர்களின் மனைவிமார்களுக்கு, உங்கள் கார் பூட்டில் என்ன இருக்கிறது என்பது அறிவிக்கப்படும்" என்றேன். ஒரு நிமிடத்தில் அத்தனை பேரும் உள்ளே இருந்தார்கள், அப்பா முதல் ஆளாக. ஹால் அதிர்ந்தது. மெழுகுவர்த்தி ஏற்ற உறவினர்களைக் கூப்பிட்டேன். ஆடத் தெரியாத சித்தப்பாவை ஆட வைத்தேன். நடுவே ஓடிப் போய் லெஹங்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே கேக் வெட்டினேன். அம்மா மேடையோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்போதிருந்த பூரிப்பை நான் பரீட்சையில் பாஸ் செய்தபோதுகூடப் பார்த்ததில்லை. அது எனக்குத் துணிச்சல் கொடுத்தது. கொடுத்திருக்கக் கூடாது.

சாவி கொடுக்கும் நேரம் வந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, காதுக்குள் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.

"சொல்லு. எங்கள் அன்பு மகள்."

"எங்கள் அன்பு மகள்" என்றேன் மைக்கில். கூட்டம் சிரித்தது.

"அடக்கமானவள்."

"அடக்கமானவள்." இதற்கு அதிகமாகவே சிரித்தார்கள்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல லாயராகப் போறவள்."

பாஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானார். இதைச் சொன்னால் அவர் வருவார், இடம் கொடுப்பார், அம்மாவின் கனவு ஊரறியப் பதிவாகிவிடும். பிறகு நான் என்றைக்கு உண்மையைச் சொன்னாலும் அவள் அந்த அலுவலகத்தில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் இப்போதே முடியாது. அம்மா சாவியின் முனையால் என் இடுப்பில் இடித்தாள்.

"அம்மா என்னை லாயராகப் போகிறவள் என்று சொல்லச் சொல்கிறார்" என்றேன் மைக்கில். "ஆனால் உண்மை என்னவென்றால், நான் இரண்டு மாதமாகக் கல்லூரிக்கே போகவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எம்.சி. வேலை பார்க்கிறேன். இனி இதுதான் என் வேலை."

ஹால் வெடித்துச் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். இன்றைக்குச் சொன்னதிலேயே சிறந்த ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். பாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே மேடையேறி என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"இவ்வளவு பேசுற புள்ளைய வேற யாருக்காச்சும் விடுவேனா? படிச்சி முடிச்சதும் நேரா நம்ம ஆபீஸுக்குத்தான் வரணும். இடம் ரெடி!" என்றார்.

அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. ஊரே சாட்சி. ஆனால் அவள் பாஸைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது எப்படி இருப்பேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், நிறையப் பார்த்திருக்கிறாள். அதனால் உண்மை சொன்னதும் உடனே தெரிந்துவிட்டது. நான் சாவியைப் பிடித்தேன். அவள் விடவில்லை. போட்டோகிராபர், "சிரிங்க ஆன்டி, சிரிங்க" என்றார். அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் சாவிக்காகக் கயிறு இழுக்கும் போட்டி நடத்துகிறோம். அப்பா பின்னால் நின்று கைதட்டுகிறார்.

பிறகு பாஸ் அம்மாவிடம் மைக்கை நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றாள் அம்மா. குரல் நடுங்கவே இல்லை.

வீட்டில் நடந்த சண்டையை எழுத மாட்டேன். கிள்ளானில் எங்கள் தெருவில் குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போய், பாஸின் அறைக்கதவைத் தட்டி, எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று தானே சொன்னாள். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைத் தன் வாயாலேயே திருப்பிக் கொடுத்தாள். படிப்பை விட்டதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அந்தக் கதவை அவள் தனியாகத் தட்டியதற்குத்தான் வருந்துகிறேன்.

பாஸ் மறுபடியும் சிரித்தாராம். "அப்படின்னா என் மக கல்யாணத்துக்கு உங்க பொண்ணையே எம்.சி.யாப் போட்டுருவோம்" என்றாராம். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. அப்போதெல்லாம் எங்களுக்கு நடுவே அப்பாதான் தபால்காரர். "ஒங்க மககிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பிப்பாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அந்தக் கல்யாண விருந்து ஷா ஆலமில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. நான் தனியாகச் செய்த முதல் பெரிய விழா. நீதிபதி, அரசுப் பட்டம் பெற்ற டத்தோ, கிள்ளானில் உள்ள பாதி லாயர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மா தன் அலுவலகத்தாரோடு ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். குத்துவிளக்கேற்ற யார் யாரை அழைக்க வேண்டும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எல்லோரையும் அழைத்துவிட்டு, இன்னும் ஒரு திரி மிச்சமிருப்பதைப் பார்த்தேன். மைக் என் கையில் இருக்கிறது, யார் தடுப்பது?

"மணமகளின் தந்தையுடைய அலுவலகத்தில் எல்லா லாயர்களையும்விட மூத்தவர், எந்த ஃபைல் எங்கே என்று தெரிந்த ஒரே ஆள், என் அம்மா, மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கிறேன்."

பாஸ்தான் முதலில் கைதட்டினார். கறுப்புக் கோட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா மேடையேறி வந்து, விளக்கை ஏற்றி, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். போகிற வழியில் என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மைக்கில் 'ஆ' என்று கேட்டிருக்கும்.

அவள் மனத்தைக் குளிர வைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. சாப்பாட்டு நேரத்தில் பாராட்டு வாங்கிக்கொள்ள அவள் மேசைக்குப் போனேன். மற்றவர்கள் பஃபே வரிசையில் நின்றார்கள். அம்மா தனியாக உட்கார்ந்து ஐஸ்கிரீமைக் கிளறிக்கொண்டிருந்தாள். என்னிடம் நேராகப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"எதுக்குடி என்னக் கூப்ட்ட?"

"ஏம்மா, சந்தோஷமா இல்லையா?"

"என்னக் கூப்புடுறதுக்கா உன்ன வளத்தேன்?" அவள் கண் கலங்கிவிட்டது. "மேடைக்கு வாங்கன்னு உன்னக் கூப்புடணும். நான் கீழ ஒக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்டி நான் ஆசப்பட்டது. லாயரு, கீயரு எல்லாம் எனக்கு எதுக்கு?"

அவள் காலடியில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அதற்குள் மேடையிலிருந்து ஒரு பையன் கையசைத்தான். மணமகனின் மாமாவை வாழ்த்துரைக்கு அழைக்க வேண்டும், அவர் படிக்கட்டில் ஏறி நின்றுவிட்டார்.

அம்மா ஒரு வாய் ஐஸ்கிரீமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போ" என்றாள். "போய்க் கூப்புடு. அந்த மனுஷன் எவ்ளோ நேரம் நிப்பாரு?"