ஈய எண் இல்லாத படம்

இது நடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று யாராவது பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளாடிஸுக்கு இருட்டுதான் தொழில். எக்ஸ்ரே படம் எடுக்கவும், அதை இருட்டறையில் நின்று கழுவவும் மதராஸில் படித்துவிட்டு வந்தவள். ஒற்றை ஆளாகப் பிணத்தைப் புரட்டிப் போடுகிற நெஞ்சுரம் உள்ளவள். அவள் இந்த ஒரு கதையைச் சொல்லும்போது மட்டும் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொள்வாள். நடந்ததும் நடுச்சாமத்தில் இல்லை. தூத்துக்குடி வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகலில்.

நாற்பத்தேழாம் வருஷம், மாசி மாதம். சங்கு குளிக்கிற காலம். கடலில் மூழ்கி எழுகிறவர்களில் வருஷத்துக்கு நாலைந்து பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வள்ளத்திலேயே சாவார்கள். காசமா, வேறு கோளாறா என்று பார்க்க அப்போது இந்தக் கரையில் ஒரு எக்ஸ்ரே கிடையாது. டாக்டர் தாணுலிங்கம் இதற்காக ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். ராணுவம் கழித்துக்கட்டிய மிஷின் ஒன்றைக் காயல்பட்டினத்து வியாபாரிகள் வாங்கித் தந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரி இடம் தந்தது. பஞ்சு மில் கரண்ட் தந்தது. அதோடு, இருட்டறைக்குத் தன் சம்பளத்தில் ஓர் ஆளை அனுப்புவதாகவும் ஒத்துக்கொண்டது. ஒருவர் படம் எடுக்க, ஒருவர் உள்ளே கழுவ என்று இரண்டு பேர் இருந்தால் நாளைக்கு முப்பது பேரைப் பார்த்துவிடலாம் என்பது டாக்டரின் கணக்கு. வள்ளங்களின் சொந்தக்காரர்களான சம்மாட்டிகளும் தங்கள் ஆட்களை வரிசையாக அனுப்பச் சம்மதித்தார்கள்.

ஊர் கூடித் தேரை இழுத்தாயிற்று. இருட்டறை ஆளை யார் கண்காணிப்பது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அவன் மில் ஆள் என்று ஆஸ்பத்திரி இருந்துவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று மில் இருந்துவிட்டது.

கிளாடிஸுக்கு இந்த வேலையில் தன் கவலையும் இருந்தது. அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அம்மா அந்தத் துக்கத்திலேயே போனாள். மிச்சம் தம்பி செல்வதுரை ஒருத்தன்தான். அவனும் சங்கு குளிக்கப் போகிறவன். அதனால் முதல் நாளே அவனைத்தான் இழுத்துவந்து நெஞ்சுப் படம் எடுத்தாள். படம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. இடது தோளையொட்டிய காறையெலும்பில் ஒரு முடிச்சு மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் படகுக் கட்டையிலிருந்து விழுந்து ஒடிந்து, கூடிய எலும்பு. அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இருட்டறைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுச்சுவரில் ஒரு மரப்பெட்டி பதித்திருந்தது. இரண்டு பக்கமும் மூடி. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. ஃபிலிம் அடைத்துப் படம் எடுத்த கேசட்டை உள்ளே வைத்து இரண்டு தட்டு தட்டுவாள். கழுவிய படம் கம்பியில் மாட்டி ஈரத்தோடு அதே பெட்டிக்கு வரும். அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தட்டு. ஆள் முகத்தை ஆள் பார்க்கத் தேவையே இல்லை. வேலை நேரத்தில் இருட்டறைக் கதவைத் திறந்தால் படமெல்லாம் பாழ். அவனுக்கு வர, போகக் கடல் பக்கம் தனிக் கதவு இருந்தது.

முதல் திங்கட்கிழமை அவள் வரும்போதே உள்ளே சத்தம் கேட்டது. ஆள் வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டாள். நல்ல வேலைக்காரன். ஒரு படம்கூடக் கருகவில்லை, கீறவில்லை. மத்தியானம் ஆகியும் ஆள் வெளியே வரக்காணோமே என்று பெட்டிப் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அண்ணே, சாப்பிடப் போகலியா?"

"அண்ணேன்னு கூப்பிடாதீய."

"பின்ன பேரு என்ன?"

"சிலுவை."

அவ்வளவுதான் பேசினான். குரல் தொண்டையில் தண்ணீர் நிற்கிற குரல். சளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் படங்களை எண்ணினாள். ஒன்று கூடுதலாக இருந்தது.

ஒவ்வொரு கேசட்டின் மேலும் ஆளுடைய எண்ணை ஈயத்தில் ஒட்டுவாள். இடது பக்கத்துக்கு ஓர் ஈய எழுத்தும் வைப்பாள். அவை படத்தில் வெள்ளையாக விழும். இந்தப் படத்தில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு பக்க நெஞ்சில் பாதி உயரத்துக்கு வெள்ளை.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இடம் வலம் சொல்ல எழுத்து இல்லாவிட்டால், இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதை இடது என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் மாட்டினார்.

"வலது நெஞ்சுல தண்ணி கட்டியிருக்கு. காறையெலும்பு ஒடிஞ்சு கூடியிருக்கு, அதுவும் வலது. யாரும்மா இது?"

"தெரியல டாக்டர். நான் இப்படி ஒருத்தரை எடுக்கவே இல்ல."

"ஆளில்லாம படம் வருமா? எண் ஒட்ட மறந்திருப்ப. இவன் கடல்ல இறங்கினா கரைக்குத் திரும்பமாட்டான். ஆளைக் கண்டுபிடி."

அதுவரை வந்துபோன அத்தனை பேரையும் திரும்ப அழைத்து, வலது தோளைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் முடிச்சு இல்லை. வலது என்று டாக்டர் சொன்னதும் கிளாடிஸுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தம்பிக்கு ஒடிந்தது இடது.

செவ்வாய்க்கிழமையும் ஒரு படம் கூடுதல். அதே நெஞ்சு. வெள்ளை அரை விலா எலும்பு மேலே ஏறியிருந்தது.

புதனும் அப்படியே. வியாழனும் அப்படியே. தினம் அரை விலா.

படம் மாட்டிவரும் கம்பிகள் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தன. படம் கழுவுகிற ஹைப்போவும் ஒருவகை உப்புத்தானே என்று துடைத்துப் போட்டாள். ஆனால் கையில் கடல் பாசி வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வதுரை அவள் அறைக்குச் சாப்பிட வந்தான். மீன்குழம்பு ஊற்றியபடி அவள் வேலைக் கதையைச் சொன்னாள்.

"இருட்டறைக்கு நல்ல ஆளா அனுப்பியிருக்காவலே. சிலுவைன்னு பேரு."

அவன் கை சோற்றிலேயே நின்றது.

"எந்தச் சிலுவை?"

"முகத்த யாரு கண்டா?"

"அவன்கிட்ட பேச்சு வச்சுக்காத எக்கா."

"ஏன்?"

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். அக்கா வேறொரு ஆணிடம் பேசுவதில் தம்பிக்குப் பொறாமை என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். பாவி மகள், அந்த நேரத்தில் அவனைப் பிடித்து உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது வாரம் அவள் காது வேறொன்றைப் பிடித்தது.

படம் எடுக்கும்போது ஆளிடம் சொல்வது ஒரே வாசகம்தான். "மூச்சை இழுத்துப் பிடி." பொத்தானை அழுத்திவிட்டு, "விடு."

அவள் "பிடி" என்றதும் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"விடு" என்றாள். முன்னால் நின்றவன் விட்டான்.

அந்தப் பக்கம் விடவில்லை.

அடுத்த ஆள். "இழுத்துப் பிடி." உள்ளே மறுபடியும் நீளமாக ஓர் இழுப்பு. "விடு." …சத்தமே இல்லை.

அன்று முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட விடவில்லை.

பயம் வந்துவிட்டது. ஆனால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். கதவைத் திறந்தால் படமெல்லாம் போகும். டாக்டர் ஆறு மாதம் அலைந்த அலைச்சலும் அதோடு போகும். பெட்டியில் வாயை வைத்துக் கேட்டாள்.

"தெனம் ஒரு படம் கூடுதலா வருதே. அது யாரு?"

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

"திருப்பிப் பாருங்க."

நம் பக்கத்தில் திருப்பிச் சொல்லு என்றால் மறுபடி சொல்லு என்று அர்த்தம். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். டாக்டரையும் பார்க்கச் சொன்னாள். அதே வலது முடிச்சுதான் தெரிந்தது.

மறுநாளும் கேட்டாள். "திருப்பிப் பாருங்க."

அதற்கு மறுநாள் அவள் கேட்கவே இல்லை. அவனே சொன்னான்.

"திருப்பிப் பாருங்க… நாள் இல்ல."

சனிக்கிழமை. உச்சி வெயில். பெட்டியில் வந்த முதல் படமே எண் இல்லாத படம். ஒரு பக்கம் அடி முதல் உச்சி வரை வெள்ளை. காறையெலும்பு முடிச்சு மட்டும் மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தது. கொடியில் காயப்போட்டாள்.

விசிறிக் காற்றில் படம் சுழன்றது.

திரும்பியது.

முடிச்சு இடது பக்கம் வந்து நின்றது.

அவளுக்கு மதராஸில் படித்தது அப்போதுதான் மண்டையில் ஏறிற்று. ஒரு பக்கம் நிறையத் தண்ணீர் கட்டினால், அது இதயத்தை மறு பக்கம் தள்ளிவிடும். தள்ளப்பட்ட இதயத்தைப் பார்த்து இவர்கள் அதை இடது என்று நினைத்துவிட்டார்கள். தினமும் படத்தைத் தலைகீழாக்கி மாட்டாததுதான் பாக்கி. பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். அந்த எலும்பு ஒடிந்த அன்று அவனை இடுப்பில் சுமந்து ஓடியவளே அவள்தான்.

செருப்பில்லாமல் கரைக்கு ஓடினாள். வள்ளம் ஒன்று பாயை இறக்காமல் வேகமாக வந்துகொண்டிருந்தது. யாரும் பாடவில்லை. யாரும் கை காட்டவில்லை.

செல்வதுரையைத் தூக்கி மணலில் போட்டார்கள். கண் திறந்தே இருந்தது.

"கயிறு அசையவே இல்லம்மா," என்றான் கயிறு பிடித்தவன். "பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு இழுத்தோம்…"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அவளை வெளியே போகச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

"நான் பாக்கணும். எடுத்துப் பாக்கணும் டாக்டர்."

தம்பியை மேஜையில் கிடத்தினாள். முதுகுக்கு அடியில் கேசட்டை வைத்தாள். ஈய எண்ணை ஒட்டினாள். ஈய எழுத்தையும் ஒட்டினாள்.

பொத்தானில் கை வைத்தாள்.

பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடி…"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறையில் ஈ சத்தம்கூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்…

ஹா…

யாரோ மூச்சை விட்டார்கள்.

நீளமாக. விட்டுக்கொண்டே…

நின்றது.

அது டாக்டர் காதிலும் விழுந்தது.

கிளாடிஸ் இருட்டறைக் கதவை எட்டி உதைத்துத் திறந்தாள். ஆள் இல்லை. கடல் பக்கக் கதவு வெளியில் பூட்டியிருந்தது. சுற்றிப்போய்ப் பார்த்தபோது பூட்டு துருவேறி இருந்தது. படம் கழுவுகிற தொட்டிகள் மூன்றும் காய்ந்து கிடந்தன. மருந்து டப்பாக்கள் மதராஸிலிருந்து வந்த சீல்கூட உடைக்காமல் அடுக்கில் இருந்தன. இரண்டு வாரம் முந்நூறு படத்துக்கு மேல் கழுவிய அறையில், ஒரு சொட்டு மருந்து சிந்தியிருக்கவில்லை. தரை மட்டும் நனைந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மில் ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார்.

"மன்னிக்கணும் டாக்டர். நாங்க போட்ட ஆளு வேலைக்கே வரலையாம், இப்பந்தான் தெரிய வந்துச்சு. சிலுவைன்னு பேரு. சங்கு குளிச்சுக்கிட்டிருந்த பையன். வேற ஆளு அனுப்பட்டுமா?"

டாக்டர் கிளாடிஸைப் பார்த்தார். அவள் எழுந்து நேரே கரைக்கு, தம்பி போய்வந்த வள்ளத்துச் சம்மாட்டியிடம் போனாள். கிழவர் வலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சிலுவை யாரு?"

"நம்ம வள்ளத்து ஆளுதான் ஏளா. கடல்ல போயிட்டான், உடம்பு அகப்படல. வெளிய சொன்னா ஒரு பயலும் கடலுக்கு வரமாட்டான்னு வாயப் பொத்திக்கிட்டிருந்தேன். திங்கக்கெழம ஆஸ்பத்திரி வேலையில சேரணும். அதுக்கு முந்தின சனிக்கெழம, கடசியா ஒரு தடவ குளிச்சிட்டு வாரேன்னு எறங்கினான். கயித்த மச்சான் கையிலதான குடுப்போம்? தங்கச்சியோ அக்காளோ தாலி அறுக்கக் கூடாதுன்னு மச்சான்காரன் கண்ணுங்கருத்துமா இருப்பான்லா."

"அவனுக்கு மச்சான் யாரு?"

"ஒனக்குத் தெரியாதா? நீ மதராஸுல இருக்கையில ஒன்ன அவனுக்குத்தான் பேசி வச்சிருந்தான் செல்வதுரை. நீ படிச்சு வந்த பொறவு ஒந்தம்பிக்கு மனசு மாறிட்டு. வேற எடம் பாக்கேன்னான். சிலுவை மசியல. ஒனக்குப் பக்கத்துலயே வேலைக்குச் சேரப்போறேன்னு நின்னான்."

கிளாடிஸ் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கிழவர் இப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்குக் கயிறு அசஞ்சிச்சு ஏளா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. நான் கண்ணால பாத்தேன். இழுலேன்னு கத்தினேன். ஒந்தம்பி கயித்தப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். 'இரும் பெரியாளு, மச்சான் இன்னும் மூச்சுப் பிடிப்பான்'னு சொன்னான்."