வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் காலியாகும் ஃபோல்டர்

எங்கள் அச்சகத்தில் கணினியில் உட்காரும் அம்மாவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தன்னைவிடப் பத்து வயது இளையவர் என்று தெரிந்தும் மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் தேர்வுத்தாளும் பிரெய்ல் புள்ளிகளாக அடித்துக் கொடுக்கிற அச்சகம் இது. அக்கா தட்டச்சு செய்வார், இயந்திரம் தாளில் புள்ளி குத்தும், நான் தைத்துக் கட்டுவேன். பத்தொன்பது வருஷமாக அக்கா அதே நாற்காலியில் இருக்கிறார். ஒரு தேர்வுத்தாள்கூட அவரால் தாமதமானதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

போன வருஷம் கணினிகளை லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். லினக்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. கோபமெல்லாம் மாற்றிய ஆள்மேல்தான். மாதம் ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற கணினிக்காரர் அவர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயரே அப்புறம். பழைய பிரெய்ல் மென்பொருள் புதுக் கணினியில் ஓடவில்லை என்று அக்கா சொன்னபோதும் அதே பதில்தான். அறிவியல் தேர்வுக்கு அப்போது இரண்டே வாரம் இருந்தது. எழுதப்போகிறவர்கள் பதினோரு பிள்ளைகள்.

"தாள் இல்லன்னா என்னக்கா, யாராவது பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டட்டும்" என்றார் மேலாளர்.

படித்துக் காட்டுகிறவர் கேள்வியை ஒருமுறை படிப்பார். இன்னொருமுறை கேட்டால் பெருமூச்சு விடுவார். மூன்றாம் முறை கேட்கப் பிள்ளைக்கே கூச்சமாகிவிடும். மற்ற பிள்ளைகள் கேள்வித்தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம், இவர்கள் மட்டும் அடுத்தவர் பொறுமையை நம்பித் தேர்வு எழுத வேண்டுமாம்.

அக்கா சண்டை போடவில்லை. அவர் சண்டை போடாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தானே தேடி, சனிக்கிழமை லினக்ஸில் ஓடக்கூடிய பிரெய்ல் மென்பொருள் ஒன்றை இறக்கினார். கணினியின் மென்பொருள் பட்டியலில் அது கிடையாது, கையால்தான் நிறுவ வேண்டும். வந்தது சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. பிரித்தால் அறுபது ஃபைல் கொட்டியது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. கூட வந்த குறிப்பை அகராதியும் கையுமாக இரண்டு நாள் படித்தார். அறுபதில் எது இயங்கும் ஃபைல் என்று கண்டுபிடித்து, அது இயங்கலாம் என்று நாம் அனுமதி கொடுக்க வேண்டுமாம். சின்னக் கட்டம் ஒன்றுக்குள் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். திங்கள்கிழமை மென்பொருள் திறந்துகொண்டது.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அறிவியல் தாளை அடித்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சரிபார்க்க ஒரு பிரதி எடுத்தோம். பிழை திருத்துகிற ப்ரூஃப் அண்ணன் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருக்கும் பார்வை கிடையாது. அவர் விரலிலிருந்து ஒரு பிழை தப்பாது.

அடுத்த திங்கள்கிழமை காலை கணினியைத் திறந்தால் மென்பொருளைக் காணோம். தாளும் போய்விட்டது. புதன்கிழமை தேர்வு.

அக்கா கணினிக்காரருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் அந்த அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயா வெச்சீங்க? அது வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தானா காலியாயிடும்மா. டிஸ்க் நிறையுதுல்ல, நான்தான் அப்படி செட் பண்ணேன்."

"யார்கிட்ட சார் சொன்னீங்க?"

"சர்வர்ல எழுதி வெச்சிருக்கேனே."

சர்வரின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. பீரோவுக்குள் அறிவிப்பை ஒட்டிவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போன கதை. மென்பொருளை அழியாத பொது இடத்தில் நிறுவ அந்த பாஸ்வேர்டையாவது தாருங்கள் என்றார் அக்கா. "அப்புறம் பாக்கலாம்மா, வெள்ளிக்கிழமை வர்றேன்ல." நான் ஃபோனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கப் போனேன். அக்கா கட் பண்ணிவிட்டார்.

"தப்பு என்மேலயும் இருக்கு. எறக்கின எடத்துலயே பிரிச்சு, வேலையையும் அதுக்குள்ளயே சேமிச்சேன்" என்றார். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் அப்படிப் பார்த்தேன்.

அப்போது ப்ரூஃப் அண்ணன் உள்ளே வந்தார். பையில் அந்த ஒரே பிரதி. "மூணு பிழைதான்மா" என்று தொடங்கியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தாளை மடியில் வைத்தார். "எழுது. நான் படிக்கிறேன்."

அக்கா மறுபடியும் மூட்டையை இறக்கினார். இந்தத் தடவை தன் பெயரில் இருந்த ஹோம் ஃபோல்டருக்குள் பிரித்தார். அங்கே யார் பாஸ்வேர்டும் தேவையில்லை, யாரும் பெருக்கவும் வரமாட்டார்கள். படங்களையும் சமன்பாடுகளையும் புள்ளிக்கு மாற்றுகிற யோசனையெல்லாம் அந்தப் பிரதியில் முடிந்திருந்ததால், அண்ணன் விரலால் படிக்கப் படிக்க அக்கா வேகமாக அடித்தார். செவ்வாய்க்கிழமை மதியம் இயந்திரம் ஓடியது. சாயங்காலம் பதினோரு தாளையும் நானே கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தேன். புதன்கிழமை யாரும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மேலாளர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "புது மென்பொருள் சார். நம்ம கம்ப்யூட்டர்காரர்தான் போட்டுக் கொடுத்தார்." சொன்னபடி அன்று வந்திருந்த கணினிக்காரர் அடக்கமாகத் தலையாட்டினார். மறுக்கக்கூட இல்லை. எனக்குக் கையில் இருந்த தையல் ஊசியை எங்கே குத்துவதென்று தெரியவில்லை.

"எங்க, ஓட்டிக் காட்டுங்க" என்றார் பெரியவர்.

அக்கா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். கணினிக்காரர் அதில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தார், அதில் இல்லை. டவுன்லோட்ஸைத் திறந்தார், அது காலி. தேடலாம் என்றால் மென்பொருளின் பெயரே அவருக்குத் தெரியாது. மௌஸ் அங்கும் இங்கும் அலைந்தது. கழுத்து வேர்த்தது. பெரியவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்று கணினிக்காரர் திரும்பாமலே அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

அக்கா அடுத்து அடிக்க வேண்டிய கணக்குத் தேர்வுத்தாளின் மூலப்பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்புறம் சொல்றேன் சார்" என்றார்.