கத்தியில் ஏறிய செம்பு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டி வரும்; அதற்கு என் கை லேசில் வளையாது. உட்கார்ந்து இரண்டு தரம் எழுந்தும் போய்விட்டேன். மூன்றாம் தரம் வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இருவரும் கோம்பைக்குக் கீழே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். நான் பம்ப் அடிக்கிற ஆள். மருந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியை அடித்தால், ரப்பர் குழாய் வழியாக மருந்து பந்தலுக்குப் போகும். இரண்டு வருஷம் அடித்ததில் என் தோள் மட்டும்தான் முன்னேறியிருந்தது. மருந்து கலக்குகிற வேலை காலியானதும் எனக்குத்தான் வரும் என்று காத்திருந்தேன். கலக்குகிறவன் நிழலில் உட்காரலாம், சட்டை போடலாம். முதலாளி அவனிடம் நின்று பேசுவார்.

அந்த வேலைக்கு அவன் வந்தான். என்னோடு ஒரே தெருவில் கோலி விளையாடியவன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டேன். அவன் உத்தமபாளையம் வரை நடந்து போய் ஆறாவது பாரம் படித்து, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் ஒரு மார்க்கில் கோட்டைவிட்டவன்.

முதல் நாளே வித்தை காட்டினான். மயில்துத்தத்தைத் தனியாகக் கரைத்தான், சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்தான், இரண்டையும் மரத்தொட்டியில் ஊற்றினான். உதவி செய்யலாமே என்று நான் இரும்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஏலே, வாளிய அங்கன வையி! துத்தம் இரும்பத் தின்னுரும்" என்றான்.

பிறகு இடுப்பிலிருந்து பளபளவென்று தீட்டிய கத்தியை எடுத்துத் தொட்டிக்குள் முக்கினான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்தான். போட்டபடியே பளிச்சென்று இருந்தது. "சுண்ணாம்பு போதும்" என்றான்.

"போதாட்டி?" என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கேட்டார்.

"கத்தி மேல செம்பு ஏறிரும் முதலாளி. அந்த மருந்த அடிச்சா இலை கருகிப்போகும். எலக்ட்ரான்னு ஒரு பொடிசு இருக்கு. இரும்பு அதக் குடுத்துட்டுத் தண்ணியில கரையும், அது ஆக்ஸிடேஷன். துத்தத்துல கரைஞ்சு கெடக்கிற செம்பு அத வாங்கிக்கிட்டு, திரும்பச் செம்பாவே கத்தி மேல வந்து உக்காரும், அது ரிடக்ஷன். ஒருத்தன் குடுக்காம இன்னொருத்தன் வாங்க முடியாது."

முதலாளி வாயைப் பிளந்து கேட்டார். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியது 'அடி', 'நிப்பாட்டு' என்ற இரண்டே சொல். எனக்கு வயிறு எரிந்தது. எலக்ட்ரான் புரியவில்லையே தவிர, அந்தத் தோட்டத்தில் யார் குடுத்தவன், யார் வாங்கிக்கொண்டவன் என்பது நன்றாகவே புரிந்தது.

"என்ன வாத்தியாரே, ஒரு மார்க் எடுக்கத் தெரியல, எலக்ட்ரான் எடுக்கத் தெரியுதாக்கும்?" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். கோபப்பட்டிருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

"சனிக்கிழமை எம் மச்சானக் கூட்டிட்டு வாறேன். அவருக்கும் இந்தக் கத்தி வேலையக் காட்டு. சரியா வந்துச்சுன்னா வருசம் பூரா நீதான் கலக்கணும்" என்று முதலாளி அவனிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டு, அவர்களை அழைத்து வர அவன் வாசலுக்குப் போனான். நான் மூட்டையிலிருந்து இரண்டு கை துத்தத் தூளை அள்ளித் தொட்டியில் போட்டு, குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டேன்.

அவன் அவர்களோடு வந்து கத்தியை முக்கினான். எடுத்தபோது அது புதுச் செம்புக்குடம் மாதிரிச் சிவந்திருந்தது. நான் பம்ப் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, அவனுக்கு விழப்போகிற திட்டுக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

அவன் பதறவே இல்லை. "துத்தம் கூடிப்போச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்புப் பாலை இன்னும் ஊற்றினான், தண்ணீரும் சேர்த்தான். கத்தியை மணலில் தேய்த்து மறுபடி முக்கி எடுத்தான். பளிச்.

முதலாளியின் மச்சான் தொடையில் தட்டினார். "ஆத்தாடி! இந்தப் பய இல்லைன்னா தோட்டம் பூராக் கருகியிருக்குமேய்யா!"

வருஷ வேலை அவனுக்குத்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நான் சும்மா இருந்திருந்தால் அவன் கத்திக்கு இத்தனை மவுசு வந்திருக்காது. போதாக்குறைக்கு, கூடிப்போன மருந்தையும் பொழுது சாயும்வரை நான்தான் அடித்துத் தீர்த்தேன்.

வேலை முடிந்து வாய்க்கால் கரையில் நடந்தோம். "ரெண்டு கையா, மூணு கையா?" என்று அவன் கேட்டான்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. "ரெண்டு."

"நானும் ரெண்டுன்னுதான் நெனச்சேன்."

அவன் நல்லவனாக இருப்பது அப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. "பெறகு ஏன்டா முதலாளிகிட்டச் சொல்லல?" என்று பாய்ந்தேன்.

"சொன்னா உன்னைய வெரட்டிருவாக மாப்ள, அப்பறம் அந்தப் பம்ப எங்கப்பனா வந்து அடிப்பாரு?"